மிஸ் ப்ராஸர் எந்தப் பக்கம்?

நெஸ்டாவுக்கு விளங்காத விஷயம் இதுதான். அவளோடு இரண்டு பேர் பதினோரு ஆண்டுகளாகப் புதன்கிழமைதோறும் ஒரே மேசையில் ஒரே ஆசிரியை மிஸ் ப்ராஸரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் நினைவு தெளிவாக இருக்கிறது. இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஆனால் மிஸ் ப்ராஸருக்குக் கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவரைப் போல் ஆழமான நம்பிக்கை உள்ள பெண்மணியைத் தான் பார்த்ததே இல்லை என்று மற்றவர் மேசையைத் தட்டுகிறார்.

அவரவர் தம் பக்கத்துக்கு இழுத்திருந்தால் நெஸ்டாவுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. செத்துப்போன நல்லவரை எல்லோரும் தம்மவர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். இங்கே நடந்தது தலைகீழ். நம்பிக்கை கிடையாது என்று சொன்னவர் இத்தெல் ரீஸ். அவர் சியோன் சேப்பலின் மூப்பர், சுரங்கம் மூடும்வரை அங்கே மின்பணி பார்த்தவர், ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் இருப்பவர். நம்பிக்கை உண்டு என்று சொன்னவர் வெர்னன் க்ராக்கர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவர் தன் கல்யாணத்துக்குக்கூடச் சேப்பல் வாசற்படியை மிதிக்காதவர். ஆளுக்கு ஆள் மிஸ் ப்ராஸரை எதிர்ப்பக்கம் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் ப்ராஸர் சனிக்கிழமை காலையில் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சொந்தம் என்று சொல்லக் கனடாவில் ஒரு தங்கை மகன் மட்டும். அவன் நெஸ்டாவுக்குப் போன் செய்தான். "நான் பெரியம்மாவ நேர்ல பார்த்ததே கொஞ்சம்தாங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்து சேர்ந்துடுவேன். போதகர் வேணுமா வேண்டாமா, பாட்டு உண்டா இல்லையா, எனக்கு எதுவும் தெரியாது. அவங்களத் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்க என்ன முடிவு பண்றீங்களோ அதுதான்."

நெஸ்டா சரி என்று சொல்லிவிட்டாள். அப்போது அது எளிதாகத்தான் தோன்றியது.

அந்தச் சுரங்க ஊரான கும்வார்த்தில் எல்லா இறுதிச் சடங்குகளையும் ஏற்பாடு செய்கிற மோஸ்டின் பொறுமையான மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு கெடு உண்டு. வெள்ளிக்கிழமை தகன மண்டபத்தில் அரை மணி நேரம் கிடைத்திருந்தது. போதகருக்குச் சொல்ல வேண்டும் என்றால் செவ்வாய் மாலைக்குள் தெரிய வேண்டும்.

"நெஸ்டா, நான் ஒண்ணு சொல்லவா?" என்று அவர் கேட்டிருந்தார். "ஒரு சின்ன ஜெபம், ஒரு சின்னப் பாட்டு, யார் மனசும் நோகாம. நிறையப் பேர் அப்படித்தான் செய்யறாங்க."

இதைச் சொன்னபோது இத்தெல், "சின்ன ஜெபம்னு ஒண்ணு கிடையாது" என்றார். வெர்னன், "அதேதான்" என்றார். மூன்று நாளில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு இடத்தில்தான்.

இப்படியும் அப்படியும் செய்துவிட்டு நகர நெஸ்டாவாலும் முடியவில்லை. அதற்குக் காரணம் மிஸ் ப்ராஸரேதான். வகுப்பில் அவர் பொறுக்காத விஷயம் ஒன்றே ஒன்று. யாராவது, "வெர்னன் என்ன நினைக்கிறார்னா..." என்று ஆரம்பித்தால் உடனே வெர்னன் பக்கம் திரும்புவார். "அப்படியா நினைக்கிறீங்க, வெர்னன்?" பிறர் வாயில் வார்த்தையைத் திணிக்க அவர் யாரையும் விட்டதில்லை, தானும் செய்ததில்லை. நம்பாதவரின் பெட்டிக்கு முன்னால் போதகரை நிறுத்தினாலும், நம்பியவரை ஜெபமின்றி அனுப்பினாலும், அவர் யாருக்கும் செய்யாத அந்த ஒன்றை அவருக்கே செய்ததாகிவிடும். திரும்பி, "அப்படியா நினைச்சேன், நெஸ்டா?" என்று கேட்க அவரால் முடியாது.

வகுப்பு நடந்த இடம் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் மாடியில் இருந்த வாசிப்பறை. கார்டிஃபிலிருந்து பல்கலைக்கழகம் அனுப்பி வைத்த தத்துவ வகுப்பு அது. வேலை போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வீடு வெறிச்சோடியவர்கள் என்று பல பேர் வந்தார்கள். சில ஆண்டுகளில் பல்கலைக்கழகம் வகுப்பை நிறுத்திக்கொண்டது. மிஸ் ப்ராஸர் நிறுத்தவில்லை. இரண்டு பஸ் மாறி வருவது சிரமம் என்று இந்த ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டார். எழுபது வயதுக்காரர்களும் அவரை 'மிஸ்' என்றேதான் கூப்பிட்டார்கள். அவர் பலமுறை பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

அவர் பாடம் நடத்திய விதம் இது. பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். நேற்று இருந்த நானும் இன்று இருக்கும் நானும் ஒரே ஆளா? வாக்குக் கொடுத்தவர் செத்துப்போனால் வாக்கும் செத்துவிடுமா? எழுதிவிட்டு, மழையில் நனைந்த கோட்டை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் போட்டு, தட்டில் இருக்கும் வெல்ஷ் கேக்குகளில் விளிம்பு கருகினதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேச வேண்டியது மற்றவர்கள். தப்பான பதில் சொன்னவருக்கு அவர் நன்றி சொல்வார், கேலியாக அல்ல, நிஜமாகவே. தப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. ஒருமுறை தானே தப்பாகச் சொல்லிவிட்டதை வீட்டுக்குப் போய் உணர்ந்து, நெஸ்டாவுக்குப் போன் செய்து, "நீங்க சொன்னதுதான் சரி. புதன்கிழமை வரைக்கும் தாங்காது, அதான் இப்பவே சொல்றேன்" என்றார். நெஸ்டா அப்போது உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அது அடிப்பிடித்துப் போனது.

திங்கள்கிழமை, பெட்டியில் உடுத்தி வைக்க உடை எடுப்பதற்காக மூவரும் அவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஏதாவது தடயம் கிடைக்கும் என்ற நினைப்பும் இருந்தது. கிடைத்தது எதற்கும் உதவவில்லை. அலமாரியில் வேதாகமமும் இருந்தது, அதைக் கிழித்துத் தோரணம் கட்டும் புத்தகங்களும் இருந்தன. இரண்டின் ஓரத்திலும் ஒரே மாதிரி பென்சிலில் 'ஏன்?' என்று எழுதியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவர் சேப்பலுக்குப் போவார்தான். ஆனால் கும்வார்த்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போகாதவர்கள் வெர்னனும் வெர்னனின் நாயும் மட்டுமே.

செவ்வாய் மதியம் மறுபடி வாசிப்பறையில் கூடினார்கள். நெஸ்டா தேநீர் போட்டாள். இத்தெல் குடிக்கவில்லை.

"பெட்டி பக்கத்துல போதகர நிறுத்தி ஜெபம் பண்ணினா, செத்தவங்களப் பிடிச்சு இழுத்து ஞானஸ்நானம் குடுக்கற மாதிரி" என்றார். "நான் மூப்பர். சேப்பலுக்கு ஆள் வேணும்னா உயிரோட இருக்கறவங்களப் பிடிக்கிறேன்."

"உயிரோட இருக்கறவன் எவன் உங்க சேப்பலுக்கு வரான்? கூரை ஒழுகுதுன்னு வெச்ச வாளிதான் அங்க ஜாஸ்தி."

"வாளி வாய மூடிட்டு உக்காருது. உன்னால முடியுமா?"

"இங்க பாரு இத்தெல்." வெர்னன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "எனக்குப் பாட்டும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம். நான் போனா நேரா உள்ள தள்ளிட்டு எல்லாரும் பீர் குடிக்கப் போங்க. ஆனா இது என் சாவு இல்லய்யா. அவங்க நம்பினாங்க. நம்பினவங்கள ஒரு பாமாலைகூடப் பாடாம, தபால் பெட்டில கவர் போடற மாதிரி போட்டுட்டு வர என்னால முடியாது. எந்தப் பாட்டுன்னுகூட யோசிச்சு வெச்சிட்டேன். மூணாவது அடில ஆம்பளைங்க குரல் மட்டும் கீழ இறங்குமே, அந்தப் பாட்டு."

"உனக்கு எப்படிய்யா அது தெரியும்?"

"எங்கம்மா துணி துவைக்கும்போது பாடுவாங்க."

நெஸ்டா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முப்பது ஆண்டு டிப்போ அலுவலகத்தில் பஸ் நேர அட்டவணை போட்டவள், வரும் புகார்களையும் பார்த்தவள். ஒரே பஸ்ஸைப் பற்றி ஒருவர், எப்போதும் கூட்டம், ஏறவே முடிவதில்லை என்று எழுதுவார். இன்னொருவர், எப்போதும் காலியாகவே போகிறது, எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று எழுதுவார். ஆரம்பத்தில் இருவரில் ஒருவர் கதைவிடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிறகு பழகிவிட்டது. ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கீழே உள்ள நிறுத்தத்தில் நிற்பவர், மற்றவர் மேலே நிற்பவர். கூட்டம் முழுவதும் ஆஸ்பத்திரியில் இறங்கிவிடும். அதனால் புகார் வந்தால் அவள் முதலில் கேட்பது, நீங்கள் எந்த நிறுத்தத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதைத்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். "அவங்க இப்படி, அவங்க அப்படின்னு எனக்குச் சொல்ல வேண்டாம். அவங்க வாயால வந்தது ஒண்ணு சொல்லுங்க. ஆளுக்கு ஒண்ணு. இத்தெல், நீங்க மொதல்ல."

இத்தெல் யோசிக்கவே இல்லை. "ப்ரேக். மேல ஒருத்தர் பார்த்துட்டிருக்காருங்கற பயம் இல்லன்னா மனுஷன் ஒழுங்கா இருப்பானான்னு நான் கேட்டேன். அந்தம்மா சொன்னாங்க: 'இன்ஸ்பெக்டர் வராத நாள்லயும் பஸ்ஸுக்கு ப்ரேக் சரியாத்தானே மாட்டறாங்க? யாருக்குப் பயந்து? பஸ்ஸுல ஆளுங்க போவாங்க, அதுக்காக.' எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரல. இத ஒரு நம்பிக்கைக்காரங்க சொல்லுவாங்களா?"

"யோவ்!" வெர்னன் எழுந்தே விட்டார். "அது நான் சொன்னது! ப்ரேக் மாட்டினவன் நானு. நீ எங்கய்யா ப்ரேக் மாட்டின?"

"நீ சொன்னியா? அந்தம்மா சொன்னாங்க. என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னாங்க."

"வெர்னன்" என்றாள் நெஸ்டா. "நீங்களா ஆரம்பிச்சீங்களா, அவங்க கேட்டு நீங்க சொன்னீங்களா?"

"அவங்க கேட்டாங்க. 'இன்ஸ்பெக்டர் வராத நாள்ல ப்ரேக் எப்படி மாட்டுவீங்க, வெர்னன்?'னு. கேள்விதான் அவங்களுது. பதில் என்னுது."

"சரி. இப்ப உங்களுது சொல்லுங்க."

"என்னுது விளக்கு." அவர் உட்கார்ந்தார், ஆனால் சூடு குறையவில்லை. "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அதுக்குப் பின்னாடி இன்னொரு காரணம், அப்படியே போயிட்டே இருந்தா போதும், நடுவுல ஆள் ஒருத்தரும் தேவையில்லன்னு நான் சொன்னேன். அவங்க அந்த விளக்கக் காட்டினாங்க. 'கம்பியப் பிடிச்சிட்டே போங்க. சுவரு, ஃப்யூஸ் பெட்டி, தெருக் கம்பம், பவர் ஸ்டேஷன் வரைக்கும் போங்க. எப்படி எரியுதுன்னு முழுசாத் தெரிஞ்சிடும். இந்த ரூம்ல விளக்கு எதுக்குன்னு எந்தக் கம்பில எழுதியிருக்கு? யாரோ ஒருத்தர் இங்க படிக்கணும்னு நினைச்சிருக்காங்க.' இத நம்பாதவங்க சொல்லுவாங்களா?"

இத்தெலின் முகம் சிவந்தது. "அது என் விளக்குய்யா! இந்த ரூமுக்குக் கம்பி இழுத்தவனே நான்தான். அந்தம்மா என்கிட்ட வந்து, 'இத்தெல், இந்த விளக்கு ஏன் இங்க இருக்குன்னு கம்பியப் பார்த்துச் சொல்ல முடியுமா?'ன்னு..." அவர் நின்றுவிட்டார்.

"கேட்டாங்க" என்றாள் நெஸ்டா.

"கேட்டாங்க."

ரேடியேட்டர் குழாய் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது.

"ப்ரேக் பேச்சு வந்த அன்னிக்கு மேசையில யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டாள் நெஸ்டா.

இத்தெலுக்கு அது நினைவிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர் சேப்பலிலிருந்து மூன்று பேரை அழைத்து வந்திருந்தார். வெர்னன் தனியாள். விளக்குப் பேச்சு வந்த இளவேனிலில் கதை வேறு. வெர்னனின் யூனியன் நண்பர்கள் ஒரு பெஞ்சு நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேப்பல் ஆட்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள், இத்தெல் ஒருவரைத் தவிர.

அப்போதுதான் நெஸ்டாவுக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. வகுப்பு நடக்கும்போது மிஸ் ப்ராஸர் எழுந்து, ஒரு கையில் கோப்பையும் மறு கையில் நாற்காலியுமாக மேசையைச் சுற்றி வேறு இடத்துக்குப் போய் உட்காருவார். ஒரே மாலையில் இரண்டு மூன்று முறைகூட. ஜன்னல் வழியாக வரும் குளிர்காற்றுக்காக என்று நெஸ்டா நினைத்திருந்தாள். ஒருமுறை ஜன்னல் சட்டத்தில் காகிதம்கூடச் செருகி வைத்தாள். காற்று நின்றது, நாற்காலி நிற்கவில்லை.

அவள் அதை அவர்களிடம் நிதானமாக விளக்கினாள். மிஸ் ப்ராஸர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. வாதத்தில் தோற்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து, அவருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஆளின் கைத்தொழிலிலேயே இருக்கும். மெக்கானிக்குக்கு ப்ரேக், மின்பணியாளருக்கு விளக்கு. அதனால் பதிலைச் சொன்னவர் அது தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டார், உதவி கிடைத்த நினைவே அவருக்கு இல்லை. எதிரே இருந்தவருக்கோ, மிஸ் ப்ராஸர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தன்னை மடக்கியது மட்டும் மனதில் தைத்து நின்றது. பதினோரு ஆண்டு இப்படி நடந்தால், இருவரும் அவரை எதிர்ப்பக்கத்துக்காரர் என்றுதான் சத்தியம் செய்வார்கள்.

"உங்ககிட்ட எப்படி?" என்று கேட்டார் இத்தெல்.

நெஸ்டா யோசித்தாள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. மிஸ் ப்ராஸர் ஒவ்வொரு தடவையும், "இருக்கட்டும் நெஸ்டா, பஸ் எந்தப் பக்கம் போகணும்? டிரைவர் காத்திட்டிருக்கார்" என்று கேட்பார். எல்லாவற்றிலும் முடிவாக ஒரு கருத்து உள்ளவர் அவர் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். "என்னையும் ஏமாத்திட்டாங்க" என்றாள்.

"அப்ப ப்ரேக் என்னுது இல்லையா?" வெர்னன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கை உங்களுது. கேள்வி அவங்களுது."

இத்தெல் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "இத்தன வருஷம் இவன்கிட்ட தோத்துட்டேன்னு நினைச்சு நினைச்சுப் புழுங்கினேன். அந்தம்மாகிட்டதான் தோத்திருக்கேன். அது பரவால்ல."

"ரொம்பச் சந்தோஷப்படாத. நீ ஜெயிச்ச தடவையும் ஜெயிச்சது நீ இல்ல" என்றார் வெர்னன்.

"சரிய்யா. ஆனா அந்தம்மா உண்மைல எந்தப் பக்கம்?" என்று கேட்டார் இத்தெல்.

"தெரியாது" என்றாள் நெஸ்டா.

"இத்தன வருஷத்துல ஒருத்தரும் நேரா கேக்கலையா?"

"நான் ஒரு தடவ கேட்டேன்" என்றார் வெர்னன். "மாடிப்படி இறங்கும்போது. 'அதத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? அடுத்த வாரம் வந்து உங்க வாதத்தச் சொல்லுங்க'ன்னாங்க. வந்து சொன்னேன்."

மணி நான்கைத் தாண்டியது. மோஸ்டின் கடையை ஐந்துக்கு மூடிவிடுவார். அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும் என்றுதான் மூவரும் இதுவரை நினைத்திருந்தார்கள். தெரியப்போவதில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் அவர் நம்பியதை வைத்து வெள்ளிக்கிழமையை நடத்த முடியாது. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அவர் செய்துவந்தது. அதை வைத்து நடத்தலாம்.

நெஸ்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று நாளாக வெர்னன் ஒரு பாமாலைக்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார். எந்தப் பாட்டு, எந்த அடியில் குரல் இறங்கும் என்பதுவரை தயார். இத்தெல் ஜெபமில்லாத வழியனுப்புதலில் என்ன மரியாதை இருக்கிறது என்று எந்த நாத்திகரும் பேசாத அளவுக்குப் பேசியிருக்கிறார்.

"வெர்னன், பாட்ட நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள்.

"நானா? என் சம்சாரம் பார்த்தா சிரிச்சே செத்துடுவா. மோஸ்டினுக்கு ஒரே நாள்ல ரெண்டு வேல."

"அதுக்கு முன்னாடி, நம்பறவங்க அந்தப் பாட்ட ஏன் பாடறாங்கன்னு சொல்லுங்க. இத்தெல் கேட்டுட்டு, ஆமா அதான்னு தலையாட்டணும். அதுவரைக்கும் விடமாட்டோம். இத்தெல், நீங்க ஜெபம் இல்லாம ஒருத்தர வழியனுப்பறது எப்படி முழுசா இருக்க முடியும்னு பேசுங்க. வெர்னன் தலையாட்டணும்."

"சேப்பல்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் இத்தெல். பிறகு அவரே, "சொல்லட்டும்" என்றார். இன்னும் ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது. "நான் நம்பாதத நான் சொன்னா பொய் ஆகாதா?"

"அவங்க செஞ்சது பொய்யா?"

இத்தெல் கிளம்புவதுபோல் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிப்போய் வெர்னன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ம். ஆரம்பி. அந்தப் பாட்ட ஏன் பாடறாங்க?"

நெஸ்டா கீழே இறங்கிப்போய் மன்றத்து வாசலில் இருந்த போனில் மோஸ்டினைக் கூப்பிட்டாள்.

"போதகர் வேண்டாம், மிஸ்டர் மோஸ்டின். பாட்டு ஒண்ணு உண்டு. நம்பிக்கை இல்லாத வெர்னன் க்ராக்கர் நம்பறவங்களுக்காகப் பேசிட்டு அத எடுத்துக் குடுப்பார். மூப்பர் இத்தெல் ரீஸ் நம்பாதவங்களுக்காகப் பேசுவார். பாட விரும்பறவங்க பாடலாம், விரும்பாதவங்க உக்கார்ந்திருக்கலாம். மிஸ் ப்ராஸர் என்ன நம்பினாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க யாருக்கும் அது தெரியாது."